ஈரச் சாக்கு

தை 20, புதன்

பின்னால் ஆளுக்கொரு மாதிரி பேச்சை மாற்றுவார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி இன்றே எழுதி வைக்கிறேன். ஐந்தாவதோடு நின்ற படிப்புதான். ஆனாலும் படித்த எழுத்தும் எனக்கு மறக்காது, பட்ட அவமானமும் மறக்காது. டைரி, பால் சொசைட்டியில் கொடுத்தது.

இன்று என் மகன் சென்னியப்பன் கட்டிய புது வீட்டுக்குக் குடி புகும் விசேஷம். பசுவும் கன்றும் முதலில் உள்ளே போக வேண்டும், மனிதர்கள் பின்னால். பத்திரிகையில் என் பெயரைச் சம்பந்தியம்மா பெயருக்குக் கீழே அச்சடித்திருந்தார்கள். பெற்றவள் நான், கீழே. மருமகளைப் பெற்றவள் மேலே. அந்த நிலைப்படியை மிதிக்க மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். ஆனால் மாடு மட்டும் என் செவந்திதான் வேண்டும் என்று மருமகள் ஹேமலதா ஒற்றைக் காலில் நின்றாளாம். ஆள் வேண்டாம், மாடு வேண்டும். சரி, வாசல் வரைக்கும் நானே ஓட்டிப் போய்ச் சென்னியப்பன் கையில் கயிற்றைக் கொடுப்பது என்று போனேன்.

கார் நிறுத்தும் போர்ட்டிகோவில் முகம் பார்க்கிற மாதிரி டைல்ஸ். அதன்மேல் சாக்குகளை ஒன்றோடொன்று தைத்து, தண்ணீரில் நனைத்து, வாசப்படி வரைக்கும் விரித்திருந்தார்கள். காற்றில் பறக்காமல் இருக்கவோ என்னவோ ஓரத்தில் செங்கல் வேறு. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. காலைத் துடைத்துக்கொண்டு வரச் சொல்கிறார்கள், என் செவந்தியை. வந்த புதிதில் சாணி வாசம் என்று மூக்கை மூடிய மருமகள்தானே. அது ஆவணி மாதம், தொழுவத்து வாசலில், பச்சைப் புடவையில் நின்றிருந்தாள். எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது.

சென்னியப்பனிடம் சொன்னேன். "இது சாக்குல காலைத் தொடைக்கற மாடில்லடா. எடுத்து வீசு." நான் சொல்வதை அவன் தட்டியதில்லை, கல்யாண விஷயத்தைத் தவிர. சுருட்டி ஓரமாகப் போட்டான். ஹேமலதா அப்போது பின்கட்டில் நிறைகுடம் எடுக்கப் போயிருந்தாள்.

செவந்தி நாலு எட்டு வைத்தாள். பின்னங்கால் இரண்டும் ஆளுக்கொரு திசையாகப் போயின. வயிறு தரையில் மோதிய சத்தத்தில் மேளம் நின்றுவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தாள், குளம்பு மறுபடி வழுக்கியது, மறுபடி. அப்புறம் எழப் பார்க்கவில்லை.

அத்தனையும் அந்த டைல்ஸால் வந்தது. எழுதி வைத்துவிட்டேன்.

வந்த கூட்டம் அபசகுனம் அபசகுனம் என்று பேசிக்கொண்டே பந்திக்குப் போனது. சாப்பாட்டை ஒருவரும் விடவில்லை.

தை 21, வியாழன்

செவந்தி போர்ட்டிகோவில் வாசப்படியை அடைத்துக்கொண்டு கிடக்கிறாள். வீட்டுக்காரர்கள் சமையல்கட்டு வழியாகப் போய் வருகிறார்கள். நான் பக்கத்தில் கயிற்றுக் கட்டில் போட்டுக்கொண்டேன். போர்ட்டிகோ வீட்டோடு சேராது, என் சொல் தவறவில்லை.

மாட்டு டாக்டர் நேற்று மாலையே வந்து பார்த்தார். எலும்பு முறியவில்லை. தொடைச் சதை கிழிந்திருக்கிறது. கால்கள் மறுபடி விரியாதபடி பின்னங்கால் இரண்டையும் ஒரு சாண் இடைவெளி விட்டுத் துணியால் கட்டினார். அடுத்த புதன் வரைக்கும் பார்க்கலாம், அதற்குள் எழாவிட்டால் அப்புறம் எழாது என்றார். மாட்டின் கனமே கீழே அகப்பட்ட காலைச் சாகடித்துவிடுமாம். இந்த வழவழப்பில் எழவே முடியாது, மண் தரைக்குக் கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மனையில் கட்டட வேலை செய்கிற ஆறு பேரைச் சென்னியப்பன் கூட்டி வந்தான். தார்ப்பாயை அடியில் செருகி, கயிறு கட்டி இழுத்தார்கள். ஐலேசா என்று ஓர் இழுப்பு, அரைச்சாண் நகர்ந்தாள். மூச்சு வாங்கினார்கள். இன்னோர் இழுப்பு, இன்னோர் அரைச்சாண். கிளப்புகிற ஒவ்வொரு தடவையும் உடம்பு தூக்கிப் போட்டு, அவள் கத்திய கத்தலை என்னால் கேட்க முடியவில்லை. கயிற்றைப் பிடுங்கிக்கொண்டேன். இரண்டு முழம்கூட நகரவில்லை.

சாயங்காலம் அடிமாட்டு வியாபாரி ஒருவன் கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தான். யார் சொல்லி அனுப்பினார்கள் என்று கேட்டேன், சிரித்தான். அந்தச் சிரிப்பையும் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

தை 22, வெள்ளி

ஹேமலதா லீவு போட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் எட்டாவது, ஒன்பதாவதுக்கு அறிவியல் எடுப்பவள். காலையில் செவந்திக்குத் தவிடு கரைத்து வைத்துவிட்டுத் திரும்பினால், போர்ட்டிகோ மூலையில் உட்கார்ந்து செங்கல்லுக்குச் சணல் கட்டி, கொக்கித் தராசில் மாட்டி இழுத்துக்கொண்டிருக்கிறாள். மாடு கிடக்கிற கிடப்பில் இவளுக்கு விளையாட்டு.

"என்ன பண்ற?" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நேராக அவளிடம் கேட்ட முதல் கேள்வி.

"செவந்தியை நோகாம எப்படி இழுக்கறதுன்னு பாக்கறனுங்கத்தை."

"செங்கல்லும் மாடும் ஒண்ணா?"

"எடைதானுங்க வேற. ரெண்டும் இதே தரைமேலதானுங்களே கெடக்குது."

என்னைக் குனிந்து முள்ளைப் பார்க்கச் சொன்னாள். மெள்ள இழுத்தாள். முள் ஏறியது, கல் அசையவில்லை. இன்னும் இழுத்தாள், இன்னும் ஏறியது. சட்டென்று கல் நகர்ந்தது. நகர்ந்ததுமே முள் இறங்கிவிட்டது, கல் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. நிறுத்தினாள். மறுபடி இழுத்தால், மறுபடி முள் முதலில் ஏறிய இடம் வரைக்கும் ஏறினால்தான் கல் கிளம்புகிறது. நானே வாங்கி இழுத்துப் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். சும்மா கிடக்கிற பொருளைத் தரை பிடித்துக்கொண்டிருக்கிறது. நாம் கொஞ்சம் இழுத்தால் அதுவும் கொஞ்சம் பிடிக்கும். அதிகம் இழுத்தால் அதிகம் பிடிக்கும். அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. எல்லை தாண்டினால் விட்டுவிடும். விட்ட பிறகு ஓடுகிற பொருள்மேல் அதற்கு முன்னளவு பிடி இருக்காது. முதல் பிடிக்கு நிலை உராய்வு என்றும், பின்னதற்கு இயக்க உராய்வு என்றும் பெயராம். குளம்பு ஊன்றி நிற்கிறவரை பிடி இருக்கும். ஒரு தடவை வழுக்க ஆரம்பித்துவிட்டால் பிடி குறைந்து, கால் போன போக்கில் போகும். செவந்திக்கு நடந்தது அதுதான். நேற்று அந்த ஆறு பேரும் அரைச்சாணுக்கு ஒரு தரம் நின்றார்கள். நின்றதும் தரை மறுபடி பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் பெரிய இழுப்பு, ஒவ்வொரு தடவையும் கிழிந்த தொடைக்கு ஓர் உலுக்கல்.

"நிக்காம இழுத்தா ஒரே ஒரு உலுக்குத்தானுங்கத்தை. மண்ணு வர்ற வரைக்கும் கையை விடாம இழுத்தரோணும்."

நாம் இழுக்க இழுக்க அதுவும் பிடித்துக்கொள்ளும் என்றாளே, யாரை மனதில் வைத்துச் சொன்னாளோ. இத்தனையும் தெரிந்தவள் இந்தத் தரையை எதற்குப் போட்டாய் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதானுங்கத்தை" என்றாள்.

அப்புறம் மூலையில் சுருண்டு கிடந்த அந்தச் சாக்கை இழுத்து வந்து தொட்டித் தண்ணீரில் முக்கினாள். செவந்தியிலிருந்து மண் வரைக்கும் ஒரு பக்கமாக விரித்து, ஓரத்துக்குச் செங்கல் வைத்தாள்.

"இது எதுக்கு?"

"உங்களுக்குத்தானுங்க. இழுக்கறப்ப நீங்கதான் அதும் தலையைப் புடிச்சுட்டுக் கூட வரோணும். வழுக்கிரக் கூடாதுங்களே. காஞ்ச சாக்குன்னா காலோட சேந்து டைல்ஸ்மேல ஓடீருங்கத்தை. நனைச்சு, ஒண்ணோட ஒண்ணு தெச்சு, ஓரத்துக்குக் கல்லு வெச்சாத்தான் நிக்கும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"போன வாரம் பூரா இழுத்து இழுத்துப் பாத்தனுங்க. செவந்தி வர்றாளேன்னு."

செவந்திக்குத் தண்ணீர் காட்ட நேரமாகியிருந்தது. எழுந்து போனேன்.

மத்தியானம் இழுத்தோம். தார்ப்பாய் போகிற வழியில் ஹேமலதா சோப்புத் தண்ணீர் ஊற்றினாள். கயிற்றை நீளமாக விட்டு, ஆட்கள் வெளியே மண்ணில் நின்றார்கள். வெடுக்கென்று இழுக்கக் கூடாது, முள் ஏறுவது மாதிரி மெள்ள மெள்ளப் பலத்தைக் கூட்ட வேண்டும், கிளம்பியதும் நிறுத்தவே கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்வது மாதிரி சொன்னாள். நான் ஈரச் சாக்கின்மேல் மண்டியிட்டுச் செவந்தி தலையை மடியோடு அணைத்துக்கொண்டேன். ஒரு தரம் கத்தினாள். அவ்வளவுதான். வழவழவென்று வந்துவிட்டாள். அவளை வீழ்த்திய வழுக்கலே அவளைக் கொண்டு வந்து மண்ணில் சேர்த்தது.

ரோஜாச் செடி வைக்க என்று ஹேமலதா வாங்கிக் கொட்டி வைத்திருந்த செம்மண். அதன்மேல் வைக்கோல் பரப்பிக் கிடத்தினோம்.

தை 23, சனி

பக்கம் மாற்றிப் புரட்டினோம். உப்பு ஒத்தடம் கொடுத்தோம். எழவில்லை.

தை 24, ஞாயிறு

சம்பந்தியம்மா வந்தார். நிச்சயத்தன்று எனக்கு இரண்டாம் பந்தியில் இலை போட்டவர், அதிலும் அப்பளம் வரவில்லை. வைக்கோல்மேல் கிடந்த செவந்தியைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மாடு விழுந்த வீடு என்று ஊரெல்லாம் பேச்சாம். விசாரிக்கிற சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லி முடியவில்லையாம். மகளைப் பார்த்து, பளபளவென்று வேண்டும் என்று நீ ஆசைப்பட்டதற்கு வந்த வினை பார் என்றார்.

டைல்ஸ் கடைக்குப் போய், மச்சான் வீட்டில் இருப்பது போலவே வேண்டும் என்று பொறுக்கி எடுத்தவன் சென்னியப்பன். கடையிலிருந்து எனக்கு போன் போட்டுப் பெருமை பேசியது ஞாபகம் இருக்கிறது. அவன் இப்போதும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹேமலதா, "ஆமாம்மா, என்ற தப்புத்தான்" என்றாள்.

சாக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை. விரித்தவள் அவள். விடிகாலையில் விரித்த சாக்கு பூஜை நேரத்தில் ஓரமாகச் சுருண்டு கிடந்ததைப் பார்க்காமல் இருந்திருப்பாளா. யார் எடுத்தார்கள் என்று புருஷனைக் கேட்காமலா இருந்திருப்பாள். நான் அங்கேதான் வைக்கோலைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்குப் புசுபுசுவென்று கோபம் வந்தது. யார்மேல் என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

"சம்மந்தி, காப்பி ஆறுதுங்க. குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க. மாட்டைப் பொரட்டோணும், சாணி தெறிக்கும்" என்றேன். சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

தை 25, திங்கள்

காலையில் செவந்தி முன்னங்காலை ஊன்றிப் பார்த்தாள். பின்பக்கம் வரவில்லை. பால் பாதியாகக் குறைந்துவிட்டது. மடி கட்டாமல் இருக்கப் படுத்தபடியே கறந்து விடுகிறேன். கன்று கட்டிய இடத்தில் கத்துகிறது. பேத்தி மிதுனா பள்ளிக்கூடம் போகுமுன் அதன் காதில் ஏதோ ரகசியம் சொல்லிவிட்டுப் போகிறாள்.

வியாபாரி மறுபடி வந்தான். இந்தத் தடவை சென்னியப்பனே பேசினான். புதன் சாயங்காலம் வண்டி கொண்டு வருவதாக வியாபாரி சொல்லிவிட்டுப் போனான். நான் மகனைப் பார்த்தேன். "அது வேதனைப்படறதைப் பாத்துட்டே இருக்கறீங்களா?" என்றான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஹேமலதா லீவை நீட்டிவிட்டாள். செவந்திக்கு அடியில் நனைந்த வைக்கோலைக் கையாலேயே வழித்து எடுக்கிறாள். சாணியும் கோமியமும் முழங்கை வரைக்கும். மூக்கைச் சுளிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆவணியில் மூக்கை மூடினாள். மிதுனா பிறந்தது பங்குனி கடைசியில். விரலை மடக்கி எண்ணினேன். பிறகு இன்னொரு தரம் எண்ணினேன். அன்றைக்கு அவள் கிணற்றடிக்கு ஓடிப்போய் வாயைக் கொப்பளித்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் எல்லாம் இருந்திருக்கிறது. சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை.

தை 26, செவ்வாய்

இன்றும் எழவில்லை. எழுதப் பிடிக்கவில்லை.

தை 27, புதன்

மாடு எழும்போது பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்கும். முன்னங்காலை மடித்து ஊன்றிக்கொண்டு பின்னங்காலால் உந்தும். உந்துகிற நேரத்தில் குளம்பு பின்னால் நழுவினால் முடிந்தது. இரண்டு நாளாக அதுதான் நடக்கிறது. செம்மண் பொலபொலவென்று இருப்பதால், அவள் உந்தினால் மண்ணோடு சேர்ந்து குளம்பு போகிறது.

விடிந்ததும் இதை ஹேமலதாவிடம் சொன்னேன். குனிந்து குளம்புக்கு அடியில் மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மண்ணை நனைத்து, கெட்டியாகும்வரை திம்சுக் கட்டையால் இடித்தாள். ஈரச் சாக்கைப் பின்னங்காலுக்கு அடியில் நான்கு மடிப்பாகக் கொடுத்து, அதன் பின்னால் செங்கல்லை வரிசையாகப் புதைத்தாள்.

"குளும்பு நவுராம மட்டும் இருந்தாப் போதுமுங்கத்தை. மிச்சத்தை அவளே பாத்துக்குவா."

பத்து மணிக்குக் கன்றை அவிழ்த்து, செவந்திக்கு எட்டாத தூரத்தில் எதிரே கட்டினோம். நான் வாலின் அடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஹேமலதா இடுப்பெலும்பில் தோளைக் கொடுத்தாள். கன்று கத்தியது. செவந்தி உந்தினாள். எழவில்லை. இன்னொரு தரம். குளம்பு சாக்கைப் பிறாண்டியது, சாக்கு செங்கல்லில் போய் முட்டி நின்றது.

"விட்டறாதீங்கத்தை, இப்பத்தான் கெளம்பறா, விட்டறாதீங்க."

நான் எங்கே விட்டேன். எதையும் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

பின்பக்கம் மேலே வந்தது. நடுங்கியது. முன்னங்கால் ஒன்று ஊன்றியது, அப்புறம் மற்றது. நின்றாள். நாலு காலும் வெடவெடவென்று ஆட, நின்றாள். கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து மடியில் முட்டியது. முட்டியும் விழவில்லை.

ஹேமலதா செம்மண்ணிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். என் முந்தானையும் நனைந்திருந்தது, சாக்குத் தண்ணீர் தெறித்திருக்கும்.

சாயங்காலம் வந்த வியாபாரியின் வண்டி கேட்டிலிருந்தே திரும்பிப் போனது. இந்தத் தடவை சிரித்தது யார் என்பதையும் அவன் ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும்.

மாசி 1, சனி

செவந்தி மாமரக் கன்றுவரை நடந்து போய் வருகிறாள். கொஞ்சம் நொண்டுகிறாள். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, இனிப் பயமில்லை என்றார். வண்டி வைத்து வீட்டுக்குக் கொண்டு போகலாமா என்று சென்னியப்பன் கேட்டான். இன்னும் ஒத்தடம் பாக்கி இருக்கிறது என்றேன். மகனுக்கு மாட்டைப் பற்றி என்ன தெரியும்.

ஒன்று கவனித்தேன். செவந்தி வாசலை விட்டு நகர்ந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. ஆனாலும் வீட்டில் எல்லாரும் இன்னும் சமையல்கட்டு வழியாகத்தான் போய் வருகிறார்கள். முன்கதவுக்குக் கட்டிய மாவிலை அப்படியே காய்ந்து தொங்குகிறது. மிதுனா ஒரு தரம் அந்தப் பக்கம் ஓடியபோது ஹேமலதா பிடித்து இழுத்துவிட்டாள்.

ஏன் என்று கேட்டேன். முதலில் மழுப்பினாள். அப்புறம் சொன்னாள். மாடு நுழையாத முன்வாசலில் நாம் முதலில் நுழைந்தால் ஆகாது என்று அவள் அம்மா சொல்லிவிட்டாராம். வேறு மாடு பிடித்து வந்து மறுபடி பூஜை போடலாம் என்று சென்னியப்பன் சொன்னதற்கு இவள் ஒப்பவில்லையாம். "இன்னொரு மாட்டை அந்தத் தரையில ஏத்த எனக்கு மனசு வரலீங்கத்தை" என்றாள். அறிவியல் வாத்தியார் அம்மா, சொந்த வீட்டுக்குள் பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறாள்.

மாசி 3, திங்கள்

நேற்றே சாக்கைத் துவைத்துக் காயப் போட்டிருந்தேன். ஓரிடத்தில் தையல் விட்டிருந்தது. கோணி ஊசி வாங்கி நானே தைத்தேன்.

இன்று கறவை முடிந்ததும் சாக்கைத் தொட்டியில் முக்கி எடுத்தேன். போர்ட்டிகோ முனையிலிருந்து வாசப்படி வரைக்கும் விரித்தேன். கன கனம், இடுப்பு வலித்தது. ஓரத்துக்குச் செங்கல் வைத்துக்கொண்டிருக்கும்போது ஹேமலதா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் பையோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"செவந்தியை ஏத்தப் போறீங்களா? வேண்டாங்கத்தை. அது பட்டது போதும்."

"செவந்திக்கில்ல அம்மிணி. எனக்கு."

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"உன்ற தரை வழுக்குது. எனக்குச் சாக்கு வேணும்" என்றேன். "பெரியவ ஒருத்தி முன்னால போனா, பின்னால எல்லாரும் போலாமில்ல. கதவைத் தொற."

சமையல்கட்டு வழியாக ஓடிப்போய் உள்ளிருந்து தாழ்ப்பாளை நீக்கினாள். திறந்துவிட்டு வாசப்படிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள். பத்திரிகையில் என் பெயரைக் கீழே போட்டது எனக்கு மறக்கவில்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் வேறு ஆள், அவரிடம் பேசிக்கொள்கிறேன்.

ஹேமலதா என்னைப் பார்த்தாள். சாக்கைப் பார்த்தாள். யார் விரித்தது, யார் எடுத்தது, ஒரு வார்த்தை வரவில்லை அவள் வாயிலிருந்து. என் வாயிலிருந்தும்தான். குனிந்து, கோணலாக இருந்த ஒரு செங்கல்லை மட்டும் நேராக்கி வைத்துவிட்டு, கையை நீட்டினாள்.

கையைப் பிடித்துக்கொண்டு வலது காலை எடுத்து வைத்தேன். சாக்கு நகரவில்லை.